மலை ஏறும்போது மட்டும் கார் சூடாகிறது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?

கழற்ற விடாதீர்கள். மீதியைப் படிக்க நேரம் இல்லாவிட்டாலும் இதை மட்டும் மனதில் வையுங்கள். இன்ஜின் சூடானதும் திறந்து, கூலன்ட்டை (சூட்டை எடுத்துச் செல்லும் திரவத்தை) ரேடியேட்டருக்கு விடுகிற வால்வுதான் தெர்மோஸ்டாட், அது பழுதாகியிருந்தால் புதிதாக ஒன்று போடச் சொல்லுங்கள். கழற்றிப் போட்டுவிட்டு அப்படியே ஓட்டலாம் என்று சொல்பவரிடம் வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், தரையில் ஓடும்போது சூடு காட்டும் முள் நடுவில் நிற்கிறது, மலை ஏறினால் மேலே போகிறது, தண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நாள் சரியாக இருக்கிறது, மறுபடி அதே தொல்லை. ரேடியேட்டர் மாற்றியாயிற்று, வாட்டர் பம்ப்பும் மாற்றியாயிற்று. அநேகமாக செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியாக இருக்கும், முன்பு வைத்திருந்தவர் போர் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருப்பார். இது என் ஊகம், இல்லையென்றால் சொல்லுங்கள். ஆனால் இதே வரிசையில் என்னையும் அலைய விட்டார்கள், அதனால்தான் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு ஊர் போடி. வேலை பூப்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில், கணக்கு பார்க்கிறேன். தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் ஜீப்பில் ஏறும் நேரத்துக்கே நானும் கிளம்பிவிடுவேன். முந்தல் தாண்டினால் ஏற்றம், 17 கொண்டை ஊசி வளைவு, அதற்கப்புறம் போடிமெட்டு, அங்கிருந்து கேரளா. என்னுடையது பெட்ரோல் கார். தேனி ரோட்டில் மே மாத வெயிலில் ஏசி போட்டு ஓட்டினாலும் முள் அசையாது. மலையில் பாதி ஏறும்போதே மேலே போகத் தொடங்கும், மெட்டை நெருங்கும்போது சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்.

முதல் ஒர்க்ஷாப்பில் ரேடியேட்டர் அடைப்பு என்று ஹோஸைக் கழற்றித் தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். இரண்டாவது இடத்தில் வாட்டர் பம்ப். மூன்றாவது இடத்தில்தான் இந்தத் தெர்மோஸ்டாட் யோசனை. மூன்று இடத்திலும் யாரும் கேட்காத ஒரே கேள்வி, "எப்போது சூடாகிறது?" என்பது. நான் சொல்ல ஆரம்பித்தாலும் "சார வரச் சொல்லுங்கம்மா, பேசிக்கிறோம்" என்பார்கள். என் வீட்டுக்காரருக்கு கார் ஓட்டவே தெரியாது. தினமும் அந்த மலையில் ஏறி இறங்குவது நான், முள்ளைப் பார்ப்பது நான், சத்தத்தில் வித்தியாசம் தெரிவதும் எனக்குத்தான். இதை எழுதினால் "எல்லா மெக்கானிக்கும் அப்படி இல்லை" என்று யாராவது வருவார்கள். எல்லாரையும் சொல்லவில்லை, என் வண்டியைச் சரி செய்தவரும் ஒரு மெக்கானிக்தான், அவரைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன்.

கடைசியில் ஒரு நோட்டு போட்டேன். முள் எந்த இடத்தில் ஏறியது, அப்போது எந்த கியர், ஏசி ஓடியதா, ஃபேன் சத்தம் கேட்டதா, மறுநாள் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டப்பாவில் கூலன்ட் எந்த அளவில் நிற்கிறது, எல்லாவற்றையும் எழுதினேன். எழுத எழுத ஒன்று தெளிவானது. மலை ஏறி முடித்தால் டப்பா விளிம்புவரை நிறைந்துவிடுகிறது, காலையில் பார்த்தாலும் அப்படியே நிற்கிறது. மூடியைத் திறந்து பார்த்தால் ரேடியேட்டருக்குள் குறைவாக இருக்கிறது. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் உறிஞ்சி எடுத்தது போலச் சப்பையாக ஒட்டிக் கிடக்கிறது. கீழே ஒரு சொட்டு ஒழுகலும் இல்லை.

ரேடியேட்டர் மூடியைப் பலர் சாதாரண மூடி என்று நினைக்கிறார்கள். அதில் இரண்டு வால்வு இருக்கிறது. ஒன்று உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும், அளவு மீறினால் கூலன்ட்டை டப்பாவுக்கு விடும். மற்றது, இன்ஜின் ஆறும்போது திறந்து டப்பாவிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப உள்ளே இழுக்கும். இந்த இரண்டாவது வால்வு ஒட்டிக்கொண்டால் போனது திரும்பி வராது, உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு ஹோஸ் சப்பையாகும். முதல் வால்வு தளர்ந்துபோனால் அதைவிட மோசம், அதுவும் மலையில். கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், போடிமெட்டு உயரத்தில் ஏறத்தாழ 95, 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜின் சாதாரணமாக ஓடுவதே 90 டிகிரிப் பக்கத்தில். மூடி 1.1 பார் அழுத்தத்தை ஒழுங்காகப் பிடித்தால், தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் 120 டிகிரியிலும் கொதிக்காது. பிடிக்காவிட்டால் ஏற்றத்தில் கொதித்து டப்பாவுக்குத் தள்ளும், உள்ளே ஆவி நிற்கும், ஆவியால் சூட்டை எடுத்துச் செல்ல முடியாது. தரையில் தெரியாத கோளாறு மலையில் மட்டும் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நோட்டை எடுத்துக்கொண்டு பூப்பாறையில் ஒரு சேட்டன் கடைக்குப் போனேன். சின்ன கடை, இரண்டு வண்டி நிற்கத்தான் இடம். அவர் முதலில் நோட்டை முழுக்கக் கேட்டார், தமிழ் வாசிக்க வராது என்பதால் நான் படித்துச் சொன்னேன். அப்புறம் மூடியைக் கைப்பம்பு மாதிரியான ஒரு டெஸ்டரில் மாட்டி அழுத்தினார். மூடியில் 1.1 என்று போட்டிருந்தது, பாதிகூட ஏறாமல் முள் விழுந்தது. புது மூடி சில நூறு ரூபாய்தான். அதோடு விடவில்லை. டார்ச் அடித்து ஏசி கண்டென்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசியின் தகடு) ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கைக் காட்டி, "சேச்சி, இது பாருங்க" என்றார். சேறு, பூச்சி, ஏலச் சருகு எல்லாம் கம்பளி மாதிரி அடைந்திருந்தது. முன்னால் நின்று பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத்தான் தெரியும், பின்னால் இருப்பது தெரியாது. பம்பரைக் கழற்றி இரண்டையும் பிரித்து, தகடு மடங்காமல் மெதுவான தண்ணீரில் உள்ளிருந்து வெளியே கழுவினார். உள்ளே கிடந்த துருத் தண்ணீரை இறக்கிவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட் நிரப்பி, காற்று நிற்காமல் எடுத்துவிட்டார். அதற்கப்புறம் மெட்டு வரைக்கும் ஏசியோடு ஏறுகிறேன், முள் அசைவதில்லை.

ஆகவே உங்கள் வண்டியிலும் எப்போது சூடாகிறது என்பதை முதலில் பாருங்கள். நெரிசலில் நிற்கும்போது சூடாகி, வேகம் எடுத்தால் இறங்கினால் ஃபேன் பக்கம் பாருங்கள், மோட்டார், ரிலே, ஃபியூஸ், சென்சார் எதுவாகவும் இருக்கலாம். நிற்கும்போது சரியாக இருந்து, ஏற்றத்திலோ வேகத்திலோ மட்டும் சூடானால் ரேடியேட்டரில் உள்ளடைப்பு, வெளியடைப்பு, கூலன்ட் ஓட்டம் குறைவு, மூடி, இந்த வரிசையில் தேடுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் கீழ் ஹோஸ் ஜில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லையோ என்று சந்தேகப்படலாம். ஒழுகல் எதுவும் இல்லாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போய், ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே ரேடியேட்டரில் குமிழி விட்டால், இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அதற்கு ஒரு நீல நிற திரவம் வைத்துச் சோதிப்பார்கள், எரிந்த வாயு கலந்திருந்தால் மஞ்சளாக மாறும். ஹெட்டைக் கழற்றச் சொல்வதற்கு முன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள், இதில் கூச்சப்படவே வேண்டாம். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினாலும் கிளட்ச் நழுவினாலும் மலையில் இன்ஜின் கூடுதலாக உழைத்துச் சூடாகும், அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இப்போது தெர்மோஸ்டாட். "பழைய ஜீப்பில் எல்லாம் கழற்றிவிட்டுத்தான் ஓட்டினோம், ஒன்றும் ஆகவில்லை" என்று பதில் வரும் என்று தெரியும். எங்கள் ஊரில் அப்படி ஓடுகிற ஜீப்புகள் இன்னமும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும்போது, ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்கே திரும்பும் பைபாஸ் வழியை அடைக்கிற வேலையையும் அதுதான் செய்கிறது. அது இல்லாவிட்டால் சூடான கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்ப இன்ஜினுக்குள் சுற்றும், ஏற்றத்தில் இன்னும் மோசமாகும். தரையில் நேர்மாறாக, இன்ஜின் சூடாகவே நேரமாகும், கம்ப்யூட்டர் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும், மைலேஜ் போகும், தேய்மானமும் கூடும். உண்மையான கோளாறு அப்படியே உள்ளே இருக்கும். டீசல் ஆட்கள் யாராவது இருந்தால் அந்த அனுபவத்தை எழுதட்டும், நான் ஓட்டாததைப் பற்றிப் பேசவில்லை.

மலை ரோடு என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும், இடம் குறுகலாக இருந்தால். இது சாலை விதியிலேயே இருக்கிறது. மூணாறு பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் பலருக்கு இது தெரியவில்லை, தெரிந்தாலும் விடுவதில்லை. வளைவிலேயே முகத்துக்கு நேரே வந்து ஹாரன் அடிக்கிறார்கள். பாரம் ஏற்றி வருகிற லாரியும், பதினைந்து பெண்களை வைத்துக்கொண்டு ஏறும் ஜீப்பும் கொண்டை ஊசியில் நின்று, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறது. புலியூத்துப் பக்கம் ஒருமுறை எனக்கு முன்னால் ஒரு ஜீப் அப்படிப் பின்னால் உருண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன், உள்ளே இருந்தவர்கள் கத்திய கத்தல் இப்போதும் காதில் இருக்கிறது. மேலே நின்ற கார்க்காரர் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. இதற்கு முந்தலிலும் மெட்டிலும் ஒரு பலகையாவது வைக்கலாம்.

சரி, உங்கள் விஷயம். கண்டுபிடிக்கும்வரை வண்டியை மலைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்றால், முள் ஏறத் தொடங்கியதும் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில், ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள், இன்ஜின் சூட்டில் ஒரு பகுதி அந்த வழியாக வெளியேறும். அகலமான இடம் பார்த்து ஒதுங்குங்கள். சிவப்பு விளக்கு எரிந்தாலோ ஆவி வந்தாலோ இன்ஜினை நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் ஒரு வளைவுகூட ஏற்ற வேண்டாம், அலுமினிய ஹெட் வளைந்தால் லேத்துக்குப் போக வேண்டியிருக்கும். மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள், துணி போட்டுக்கூட வேண்டாம், கையும் முகமும் வெந்துபோகும். மேல் ஹோஸ் வெறும் கையால் அழுத்தும் அளவுக்கு ஆறட்டும்.

நாளை காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன் டப்பா அளவையும் மேல் ஹோஸையும் பார்த்துவிட்டு, அதையும் முள் ஏறும் நேரத்தில் ஃபேன் ஓடுகிறதா என்பதையும் இங்கே எழுதுங்கள். பெட்ரோலா டீசலா, எந்த வருட வண்டி என்பதையும் சேர்த்து எழுதினால் இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.