செங்கல் சூளைப் பெண்களுக்குத் துவைத்துப் பயன்படுத்தும் நாப்கினும், மாதவிலக்கு ரத்தத்தைப் பிடிக்கப் பிறப்புறுப்புக்குள் வைக்கும் மென்சுரல் கப்பும் வாங்கிக் கொடுக்க நினைக்கிறோம். எப்படிக் கொடுத்தால் உண்மையில் பயன்படும்?

தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் சூளைக்கு ஒருமுறை போய், அந்தப் பெண்கள் துணியை எங்கே துவைக்கிறார்கள், எங்கே காயப்போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். எதை வாங்குவது, எத்தனை வாங்குவது என்ற இரண்டு கேள்விக்கும் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

அலுவலக நண்பர்கள் சேர்ந்து 50,000 ரூபாய் திரட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவோடு சேர்ந்து துணி பேடு தைத்து, சூளைகளிலும் கிராமங்களிலும் கொடுத்து வருகிறேன். அங்கே பார்த்ததையும், தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததால் தேடிப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். சூளைப் பெண்களைத் தேர்ந்தெடுத்தது மிகச் சரி. தமிழ்நாட்டில் 'புது யுகம்' திட்டத்தில் 10 முதல் 19 வயது வரையுள்ள பெண் பிள்ளைகளுக்கு அரசே இலவசமாக நாப்கின் கொடுக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு. மாதக் கணக்கில் ஒன்பது வருகிறது. அரசு மருத்துவமனையில் பிரசவமான தாய்மாருக்கும் உண்டு. இந்தத் திட்டம் வந்தபிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. தனியார் அமைப்புகளும் கொடுப்பதென்றால் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகின்றன. அங்கே கூட்டம் சேர்ப்பது சுலபம், தலைமையாசிரியரிடம் பேசினால் போதும்.

விடுபட்டுப்போவது அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள். 20 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு இன்னும் முப்பது வருடம் மாதவிலக்கு வரப்போகிறது. மகளுக்குக் கிடைப்பதில் இரண்டை எடுத்துக்கொண்டு மீதி நாளைப் பழைய புடவைத் துணியில் ஓட்டுகிற அம்மாக்களை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். முன்பணம் வாங்கிக்கொண்டு ஆறு மாதம் சூளைக்கு வந்துவிடும் குடும்பங்களில் அதுவும் இல்லை. பிள்ளையின் பெயர் ஊர்ப் பள்ளியில் இருக்கும், பிள்ளை இங்கே கல் அடுக்கிக்கொண்டிருக்கும். ஜன் ஔஷதி கடையில் நாப்கின் ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிறது, உண்மைதான். சூளையிலிருந்து அந்தக் கடைக்குப் போய்வர ஷேர் ஆட்டோவுக்கு ஆகும் பணத்தையும் அன்றைக்குப் போகும் கூலியையும் யார் தருவார்கள்?

இனி, காயப்போடும் விஷயத்துக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

துணி கெடுதல் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். நல்ல பருத்தித் துணி கெடுதல் செய்வதில்லை. சரியாகத் துவைக்காத, வெயில் படாத, ஈரம் போகாத துணிதான் கெடுதல். ஒடிசாவில் மருத்துவமனைக்கு வந்த பெண்களிடம் நடத்தி 2018ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், துணியை வீட்டுக்குள்ளேயே உலர்த்தியவர்களிடமும் கழிப்பறைக்குள் ஒளித்து வைத்தவர்களிடமும் பூஞ்சைத் தொற்று கூடுதலாக இருந்தது தெரியவந்தது. அதைப் படித்தபோது நான் நேரில் பார்த்த குடிசைகள்தான் கண்ணில் வந்தன. கூரைச் சந்தில் செருகிய துணி, உள்பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயவைத்த துணி, கயிற்றுக் கட்டிலின் அடியில் கட்டிய துணி. எதிலும் வெயில் படாது.

ஏன் மறைக்கிறார்கள்? தீட்டுத் துணியைப் பாம்பு தாண்டினால் கர்ப்பம் தங்காது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அது ஒரு காரணம். சூளையில் அதைவிடப் பெரிய காரணம், ஆண்கள் நடமாட்டம். வரிசையாகக் குடிசைகள், எதிரே கல் அறுக்கும் களம், நடுவே போகவர இருக்கும் மேஸ்திரி. "நல்ல துணிதான்க்கா குடுக்கறீங்க. இத எங்க காயப்போடறது, மேஸ்திரி கண்ணு முன்னாலயா?" என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கு விடை இல்லாமல் பேடை மட்டும் கொடுத்தால் அதுவும் கூரைச் சந்துக்குத்தான் போகும்.

எனவே பேடோடு சேர்த்துக் காயப்போடும் இடத்துக்கும் வழி செய்யுங்கள். பெரிய செலவில்லை. குடிசைகளின் பின்பக்கம் நான்கு சவுக்குக் கம்பு நட்டு, ஆள் உயரத்துக்குத் தென்னங்கீற்றோ பழைய தார்ப்பாயோ கட்டி, மேலே திறந்துவிட்டால் வெயிலும் விழும், மறைவும் இருக்கும். உள்ளே இரண்டு கொடிக்கயிறு. அங்கேயே குளிக்கவும் ஆயிற்று. இதற்குச் சூளை முதலாளியின் சம்மதம் வேண்டும். இருவர் மூவராகப் போய் அவரிடம் பேசுங்கள். தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது, ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை குடம் கிடைக்கிறது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பேடு துவைக்கக் கூடுதலாக ஒரு வாளியாவது வேண்டியிருக்கும். சூளை வேலை நடப்பது பெரும்பாலும் வெயில் காலம் என்பதால் காய்வது சிக்கலில்லை. மழைக்காலத்துக்கு ஊர் திரும்பும்போது என்ன செய்வார்கள் என்பதையும் யோசிக்கவேண்டும். அதற்காகவே எண்ணிக்கையில் இரண்டைக் கூட்டிக் கொடுப்பது நல்லது.

பேடு வாங்கும்போது தடிமனாக, ஒரே அட்டையாகத் தைத்ததை வாங்காதீர்கள். பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். கைக்குட்டை போல விரியும் துணியை மடித்து ஓர் உறைக்குள் செருகுகிற மாதிரி ஒன்று உண்டு. விரித்துப் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும், கொடியில் கிடந்தால் என்ன துணி என்றும் யாருக்கும் தெரியாது. எங்கள் குழுவில் அதைத்தான் அதிகம் தைக்கிறோம். மேலே ஃபிளானல் துணி, உள்ளே மடித்துவைக்கும் பருத்தி, உறையின் அடியில் கசியாத ஓர் அடுக்கு, இரண்டு பக்கமும் பட்டன். வெளியில் வாங்குவதாக இருந்தால் இந்தியத் தர நிர்ணய அமைவனம் துவைத்துப் பயன்படுத்தும் நாப்கினுக்கென்றே 2021ல் ஐ.எஸ். 17514 என்று ஒரு தரம் வகுத்திருக்கிறது, அதைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ஆரோவில்லில் 2010லிருந்து இயங்கும் எக்கோ ஃபெம் அமைப்பு, வருமானம் குறைந்த பெண்களுக்குச் சலுகை விலையில் துணி பேடு கொடுக்கிறது. அவர்களிடம் கேட்கலாம்.

பட்டன் வைத்த பேடு நிற்க உள்ளாடை வேண்டும். இதை யோசிக்காமல் கொடுத்துவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர். சூளையில் இருக்கும் நடுத்தர வயதுப் பெண்கள் பலருக்கு ஜட்டி போடும் வழக்கமே கிடையாது. அரைஞாண் கயிற்றில் துணியை முன்னும் பின்னும் செருகிக் கட்டிக்கொள்வார்கள். அவர்களுக்கு வெறும் பேடு எதற்கும் உதவாது. ஒருவருக்கு மூன்று பருத்தி ஜட்டியாவது சேர்த்துக் கொடுங்கள். அளவை அங்கிருக்கும் ஒரு பெண்ணே எல்லோரிடமும் கேட்டு வாங்கித் தரட்டும்.

துவைக்கும் முறை எளிது. முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து அலச வேண்டும். வெந்நீரில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும். பிறகு சாதாரணத் துணி சோப்பு. பிறகு நல்ல வெயில். நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். குனிந்து நிமிர்ந்து கல் அறுக்கும் வேலையில் காலையிலிருந்து மாலைவரை ஒரே துணியோடு இருந்து, தொடையெல்லாம் புண்ணாகிப்போன பெண்கள் உண்டு.

அடுத்து மென்சுரல் கப். எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. மருத்துவத் தர சிலிக்கானில் செய்தது, பல வருடம் உழைக்கும், தண்ணீர் குறைவாகப் போதும், காயப்போடும் தொல்லையே கிடையாது. லான்செட் பப்ளிக் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் 2019ல் வந்த கட்டுரை 43 ஆய்வுகளை, ஏறக்குறைய 3,300 பேரின் அனுபவத்தை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. கசிவு மற்றவற்றைவிடக் கூடுதலில்லை, பாதுகாப்பானது என்பதே அதன் முடிவு. கேரளத்தில் 2018 வெள்ள முகாம்களில் குவிந்த நாப்கின்களை என்ன செய்வதென்று திணறிய பிறகு, 2019ல் ஆலப்புழை நகராட்சியில் 'திங்கள்' என்ற திட்டத்தில் 5,000 கப் இலவசமாகக் கொடுத்தார்கள். எச்.எல்.எல். என்ற பொதுத்துறை நிறுவனத்தோடு சேர்ந்து, பழக்கிக் கொடுக்கும் வகுப்புகளோடு செய்தார்கள். 2022ல் எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கியிலும் அதே வழியில் நடந்தது.

அந்தப் பழக்கிக் கொடுக்கும் வேலையை உங்களால் செய்ய முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கப் கை பழக இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அந்த இரண்டு மூன்று மாதமும் சந்தேகம் கேட்க ஒரு பெண் பக்கத்தில் இருக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கொதிக்க வைக்கத் தனிப் பாத்திரம் வேண்டும். சோறு வடிக்கும் பாத்திரத்தில் வைக்க எந்த வீட்டிலும் மனம் வராது, வரவும் வேண்டாம். கூடவே ஒரு சிறிய எவர்சில்வர் டம்ளர் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. கல்யாணமாகாத பெண்ணுக்குக் கப் கொடுத்தால் அவளுடைய அம்மாவிடமும் பேச வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் அவளுக்குத்தான் பிரச்சினை.

இன்னொன்று மிக முக்கியம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையில் பிரசவமான கையோடு கருத்தடைக்காகக் கருப்பைக்குள் காப்பர் டி போட்டுக்கொண்ட பெண்கள் ஏராளம். கப்பை உள்ளழுத்தத்தோடு அப்படியே இழுத்தால் காப்பர் டி நகரவோ வெளியே வரவோ வாய்ப்பிருக்கிறது. கப்பின் அடியைக் கிள்ளிக் காற்றை விட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். காப்பர் டி இருக்கிறவர்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்காமல் கப்பைத் தொடவே வேண்டாம் என்று நான் சொல்லிவிடுவேன். பிரசவமாகி ஆறு வாரம் ஆகாதவர்களுக்கும் கூடாது. அதனால் கப்பை எல்லோருக்கும் வாங்கி வைக்காதீர்கள். துணி பேடு எல்லோருக்கும், கப் கேட்கிறவர்களுக்கு மட்டும், அதுவும் இரண்டாவது முறை போகும்போது.

புயல், வெள்ளம் என்று முகாமுக்குக் கொடுக்க நேர்ந்தால் நான் சொன்ன எதையும் செய்யாதீர்கள். கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் நல்ல தண்ணீருக்கே அலைந்தார்கள். அங்கே போய்த் துவைத்துப் போடச் சொல்வது கொடுமை. அந்த நேரத்துக்கு ஒருமுறை போட்டு எறியும் நாப்கின்தான் சரி. அதைச் சேகரித்து அப்புறப்படுத்தவும் ஏற்பாடு வேண்டும்.

கொடுக்கும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம். ஆண்கள் யாரும் உள்ளே வர வேண்டாம், நன்கொடை கொடுத்தவராக இருந்தாலும் சரி. போட்டோ வேண்டவே வேண்டாம். பேடைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கவைத்துப் படமெடுக்கிறார்கள். அந்தப் படம் அவளுடைய ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? வேலை முடிந்து குளித்த பிறகு, பொழுது சாயும் நேரத்தில் போய் உட்காருங்கள். பேடைப் பிரித்துக் காட்டுங்கள், தண்ணீர் ஊற்றிக் காட்டுங்கள், கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்கிறவர்களிடம் திணிக்க வேண்டாம். வயதான அம்மாக்களையும் கூட்டத்தில் உட்காரவையுங்கள். அவர்கள் சரியென்று சொன்னால் மருமகள் கொடியில் போடத் தடையிருக்காது.

பேசும்போது வேறு விஷயங்கள் வெளியே வரும். மாதத்தில் பத்து நாள் படுகிறது, கட்டி கட்டியாகப் போகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது என்பார்கள். அதற்கு எந்தப் பேடும் மருந்தில்லை. ரத்த அளவு பார்க்க வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கலாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரை முன்கூட்டியே பார்த்து, அன்றைக்கு உங்களோடு வரச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் பணத்துக்குக் கணக்கு இப்படிப் போடலாம். குழுவில் தைக்கும் பேடு ஒன்று சுமார் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஆறு பேடு 600, உள்ளாடையும் சோப்பும் மூடியுள்ள சின்ன வாளியும் சேர்த்து 250. 40 பெண்களுக்கு 34,000 ஆகிறது. மறைப்புக்கும் கயிறுக்கும் 4,000. மீதி 12,000 ரூபாயைச் செலவழிக்காமல் வையுங்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் போங்கள். பட்டன் பிய்ந்திருக்கும், சிலருக்கு அளவு சரியில்லாமல் இருக்கும், சிலர் கப் கேட்பார்கள், முதல்முறை எட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றவர்களில் இரண்டு மூன்று பேர் "எனக்கும் குடுங்கக்கா" என்று வருவார்கள். ஒரு கப் 300 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. 12,000 அதற்கெல்லாம் போதும். 100 பெண்களுக்கு இரண்டிரண்டு பேடு கொடுத்துவிடலாம் என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பேடு ஒருநாளைக்கே காணாது.