வேண்டாத டைம்ஷேரிலிருந்து வெளியே வர வழி: கேள்வி பதில்

ஆண்டுக்கு ஒரு வாரமோ அதற்கு ஈடான புள்ளிகளோ கணக்கிட்டு, ஒரு விடுதியில் தங்கும் உரிமையைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து விற்பதுதான் டைம்ஷேர். வாங்கும்போது கட்டும் தொகையோடு கணக்கு முடிவதில்லை. தங்கினாலும் தங்காவிட்டாலும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் வந்துகொண்டே இருக்கும். நுகர்வோர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில், உங்கள் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, பரிசு தருவதாக அழைத்து, மணிக்கணக்கில் பேசிப் பேசியே நேற்று முன்தினம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். கார்டில் முன்பணமும் கட்டிவிட்டேன். திரும்பப் பெற முடியுமா?

பதில்: முடியலாம். ஆனால் இன்றே செயல்படுங்கள். பல நாடுகளில், காரணம் எதுவும் சொல்லாமல் ரத்து செய்யச் சட்டமே அவகாசம் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் 14 நாட்கள். அந்த நாட்களில் முன்பணம் வாங்குவதே அங்கு சட்டவிரோதம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: புளோரிடாவில் 10 நாட்கள், நெவாடாவில் 5 நாட்கள். சிங்கப்பூரில் சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக 5 நாட்கள். மெக்சிகோவில் 5 வேலை நாட்கள். இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லாததால், ஒப்பந்தத்தில் ரத்துக்கான காலம் தரப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ரத்து செய்வதாகத் தொலைபேசியில் மட்டும் சொல்லிவிட்டு நம்பியிருக்க வேண்டாம்; கடிதமாக எழுதுங்கள். 'நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்' என்று விற்பனையாளர் அழைத்தால் போகாதீர்கள். பேச்சிலேயே அவகாசம் கரைந்துவிடும். பெயர், ஒப்பந்த எண், தேதி, 'இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன்' என்ற ஒரு வரி, உங்கள் கையெழுத்து ஆகியவை கடிதத்தில் இருந்தால் போதும். ஒப்பந்தம் குறிப்பிடும் முகவரிக்கு, அது சொல்லும் முறையிலேயே அனுப்புங்கள். பெற்றுக்கொண்டதற்குச் சான்று கிடைக்கும் தபால் முறையில் அனுப்பி, மின்னஞ்சலிலும் ஒரு பிரதி அனுப்புங்கள். ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

கேள்வி: வாங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பராமரிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. யாரிடம் போவது?

பதில்: முதலில் விற்ற நிறுவனத்திடமே போங்கள். உரிமையைத் திரும்ப ஒப்படைக்கும் திட்டம் பல பெரிய நிறுவனங்களில் இருக்கிறது. அதை அவர்களாக எடுத்துச் சொல்வது அபூர்வம். கடன் தவணையும் கட்டண நிலுவையும் இல்லாதவர்களையே பெரும்பாலும் ஏற்பார்கள். விற்பனைப் பிரிவைத் தவிர்த்து, உறுப்பினர் கணக்குகளைக் கவனிக்கும் பிரிவுக்கு எழுதுங்கள். விற்பனைப் பிரிவிடம் போனால், 'வாரத்தைப் புள்ளியாக மாற்றினால் பிரச்சினை தீரும்' என்று இன்னொரு ஒப்பந்தத்தை நீட்டுவார்கள்.

கேள்வி: வெளியில் விற்க முடியாதா?

பதில்: கட்டிய பணத்துக்கு விற்கலாம் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆள் கிடைக்காத டைம்ஷேர்கள் ஏராளம். ஆள் கிடைத்தால், நிறுவனப் பதிவேட்டில் பெயர் மாறியதை எழுத்தில் உறுதி செய்யும் வரை கட்டணம் உங்கள் பொறுப்புதான்.

கேள்வி: அம்மாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. நல்ல விலைக்கு வாங்க ஆள் தயாராக இருக்கிறாராம். வரியை மட்டும் முதலில் கட்ட வேண்டுமாம். எங்கள் விடுதியின் பெயர், வாங்கிய ஆண்டு எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார்கள்.

பதில்: ஒரு காசுகூட அனுப்ப வேண்டாம். விவரங்களைச் சரியாகச் சொல்வது நேர்மைக்குச் சான்று அல்ல; உரிமையாளர் பட்டியல்கள் களவு போகின்றன, விலைக்கும் போகின்றன. மெக்சிகோவில் டைம்ஷேர் வைத்திருக்கும் அமெரிக்கர்களிடம் இதே முறையில் பணம் பறிப்பது ஹலிஸ்கோ போதைப்பொருள் கும்பல்தான் என்று அமெரிக்க நிதித் துறையும் எஃப்பிஐயும் 2024 ஜூலையில் எச்சரிக்கை வெளியிட்டன. குறிவைக்கப்பட்டவர்களில் முதியவர்கள் அதிகம் என்பதால்தான் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

உண்மையான விற்பனையில் செலவுகளை விற்கும் தொகையில் கழித்துக்கொள்ளலாம். முன்கூட்டியே உங்கள் கையிலிருந்து பணம் போக வேண்டிய அவசியமே இல்லை. வரி கட்டியதும் அபராதம், பிறகு வங்கிக் கட்டணம் என்று பட்டியல் நீளும். ஏமாந்த பிறகு, 'இழந்ததை மீட்டுத் தருகிறோம்' என்று வழக்கறிஞர் வேடத்திலும் அரசு அதிகாரி வேடத்திலும் அதே கும்பல் மறுபடி வரும். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு தாமதிக்காதீர்கள். உடனே வங்கியிடமும் காவல் துறையிடமும் சொல்லுங்கள். இந்தியாவில் இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண்ணான 1930-ஐ அழைக்கலாம். அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள், பயந்துவிட்டால் அடுத்த அழைப்பை உங்களிடம் சொல்ல மாட்டார்.

கேள்வி: 'வெளியேற்றித் தருகிறோம், உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்யும் நிறுவனம் பெரிய தொகையை முன்பணமாகக் கேட்கிறது. பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்திவிடவும் சொல்கிறது.

பதில்: விலகியே இருங்கள். இவர்களில் பலர் செய்வது, நீங்களே எழுதக்கூடிய ஒரு கடிதத்தை எழுதுவதுதான். சிலர் அதையும் செய்வதில்லை. இதற்கிடையே கட்டணத்தை நிறுத்தினால், வட்டியும் வசூல் நடவடிக்கையும் உங்கள் பெயரில்தான் வரும். கடன் பெறும் தகுதியும் பாதிக்கப்படலாம். வழக்கறிஞர் உதவி தேவையென்றால், பதிவு பெற்ற ஒருவரை நீங்களே தேடி விசாரித்து அமர்த்துங்கள்.

கேள்வி: அப்பா இறந்துவிட்டார். இனி கட்டணத்தை நான் கட்ட வேண்டும் என்கிறார்கள்.

பதில்: ஒப்பந்தத்தில் நீங்களும் கையெழுத்திட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால், அப்பாவின் கடன் பொதுவாக அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கே வாரிசைக் கட்டுப்படுத்தும். டைம்ஷேரை ஏற்க மறுக்கும் உரிமையும் பல நாடுகளில் உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சி வரிச் சட்டத்தின்படி அதை 9 மாதங்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முடிவு எடுக்கும் வரை அந்த விடுதியில் ஒரு நாள்கூடத் தங்காதீர்கள், தங்கினால் ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

கேள்வி: எப்போது கேட்டாலும் அறை இல்லை என்கிறார்கள். இந்தியாவில் வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். அது சேவைக் குறைபாடு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் செய்யலாம். கட்டிய தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் வரை அவகாசம். ஒப்பந்த விதியே நியாயமற்றது, செல்லாது என்று அறிவிக்கக் கோரினால் மாநில ஆணையத்தை அணுக வேண்டும். அறை மறுக்கப்பட்ட ஒவ்வொரு மின்னஞ்சலையும் சேர்த்து வையுங்கள். தொலைபேசியில் மறுத்தால், அன்றே அதைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

கேள்வி: விடுவிக்கிறோம், ஆனால் கட்டிய பணம் திரும்ப வராது என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இனி வரப்போகும் ஆண்டுகளின் கட்டணத்தைக் கூட்டிப் பாருங்கள். அது இழப்பை விடப் பெரிதென்றால் போடலாம். 'நிலுவை ஏதுமில்லை, இனி எந்தக் கட்டணமும் கோரப்படாது' என்ற வரி அவர்கள் தரும் விடுவிப்புக் கடிதத்தில் இருக்க வேண்டும். அது கைக்கு வந்ததும் வங்கிக்குச் சென்று, கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதியை ரத்து செய்துவிடுங்கள்.