சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுகை வருகிறது

மதிப்பிற்குரிய மேடத்துக்கு வணக்கம்.

எனக்கு 34 வயது. சொந்த ஊர் கோவை. மோட்டார் வாகன உதிரிபாகங்கள் வடிவமைக்கும் கம்பெனியில் பொறியாளராக இருக்கிறேன். ஆபீஸ் வேலையாக ஒன்றரை வருடத்துக்கு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆகஸ்டில் வந்தேன். கணவரும் ஆறு வயது மகளும் கோவையில் மாமியார் வீட்டில் இருக்கிறார்கள். இங்கே ஒரு ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறேன். வேலையில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் ஆபீசுக்கு வெளியேதான்.

பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால்தான் யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

இங்கே குடியிருப்பவர்களே முறை வைத்துப் படிக்கட்டைக் கூட்டித் துடைக்க வேண்டும். கேர்வோகே என்பார்கள். நம் முறை வந்தால் கதவில் ஒரு சின்னப் பலகையை மாட்டிவிடுவார்கள். வந்த புதிதில் அதை ஏதோ விளம்பரம் என்று நினைத்துக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டேன். வாரக் கடைசியில் கீழ்வீட்டுப் பாட்டி பெல் அடித்து, படிக்கட்டைக் காட்டிக் காட்டி வேகமாக ஜெர்மனில் பேசினார். "சாரி, சாரி" என்பதைத் தவிர என் வாயில் வேறு எதுவும் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்து, மாமியார் ஆசையாக அனுப்பிய பருப்புப்பொடி பார்சல் திரும்பிப் போய்விட்டது. கீழே தபால்பெட்டியில் என் பெயரை ஒட்டாததுதான் காரணமாம்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பை போடக் கீழே இறங்கினேன். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. இங்கே வெளிப்பக்கம் கைப்பிடி இருக்காது, திருக முடியாத குமிழ்தான் இருக்கும். சாத்தினால் சாவியில்லாமல் திறக்காது. சாவி உள்ளே, இரண்டாவது சாவியும் உள்ளே மேசை டிராயரில், போனும் உள்ளே. வீட்டுச் செருப்போடும் நைட்டியோடும் படிக்கட்டில் நின்றேன். அதே பாட்டிதான் ஒரு நாற்காலியும் கம்பளியும் கொண்டுவந்து கொடுத்து, பூட்டு திறப்பவருக்குப் போன் செய்தார். வந்தவர் இரண்டே நிமிடத்தில் திறந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்று 260 யூரோ வாங்கிக்கொண்டு போனார். அவமானத்தில் அந்தப் பாட்டியின் முகத்தை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

போன வியாழக்கிழமை ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வந்தார். மாதாந்தர டிக்கெட் போனில் இருக்கிறது. போனில் சார்ஜ் இல்லை. 60 யூரோ அபராதச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார். எல்லோரும் பார்த்தார்கள். அந்தச் சீட்டு இன்னும் மேசையில்தான் கிடக்கிறது. அதை எடுத்துப் பார்க்கவே மனசு வரவில்லை.

இப்போதெல்லாம் வெளியே கிளம்பும்போது பையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். படி இறங்கியவள் மறுபடி ஏறிப் போய்க் கதவைப் பார்க்கிறேன். சனி, ஞாயிறில் வெளியே போவதையே விட்டுவிட்டேன். கூட வேலை பார்க்கும் பெண் கிறிஸ்துமஸ் சந்தைக்குக் கூப்பிட்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டேன். அம்மா வீடியோவில் வந்து "சாப்டியா கண்ணு, நல்லாருக்கியா?" என்றால் "சூப்பரா இருக்கேம்மா" என்கிறேன். கணவரிடமும் சொல்வதில்லை. குழந்தையையும் பார்த்துக்கொண்டு வேலைக்கும் போகிறவரிடம் சாவிக் கதையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? பாப்பாவிடம் பேசுவதும் குறைந்துவிட்டது. நான் வீட்டுக்கு வரும் நேரத்தில் அங்கே அவள் தூங்கியிருப்பாள். "குழந்தையை விட்டுட்டு இவ்வளவு தூரம் வந்தவளுக்கு ஒரு சாவியைக்கூடப் பத்திரமா வெச்சுக்கத் தெரியலையே" என்று ராத்திரியில் தோன்றும். பட்ட காலிலே படும் என்பார்களே, அது எனக்குத்தான் போலிருக்கிறது.

கோவையில் நான் இப்படி இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஓடியாடிப் பார்த்தது நான்தான். அப்போது வராத அழுகை இப்போது ஒரு டிக்கெட்டுக்கு வருகிறதே, எனக்கு ஏதாவது கோளாறா? பாதியிலேயே ஊருக்கு வந்துவிடட்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஸ்டுட்கார்ட்

*

அன்புள்ள சகோதரிக்கு,

கோளாறு எதுவும் இல்லை. உங்கள் கடைசிக் கேள்வியிலேயே பதிலின் பாதி இருக்கிறது.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். யாரோ கேரியரில் சாப்பாடு கொண்டுவந்திருப்பார்கள். யாரோ இரவு துணைக்கு இருந்திருப்பார்கள். மாத்திரை வாங்க ஒருவர், இன்சூரன்ஸ் பேப்பருக்கு ஒருவர். ஆபீசில் லீவு கேட்டால் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். பெரிய கஷ்டம் என்றால் ஊரே அதைக் கஷ்டம் என்று ஒத்துக்கொள்கிறது. சார்ஜ் இல்லாத போனுக்கு யார் வருவார்கள்? அதைக் கஷ்டம் என்று ஒத்துக்கொள்ள நீங்களே தயாராக இல்லை. கடிதத்தின் தொடக்கத்திலேயே "பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை" என்று எழுதிவிட்டீர்கள்.

1981-இல் அமெரிக்காவில் ஆலன் கேனர், ரிச்சர்ட் லாசரஸ் என்ற உளவியலாளர்களும் அவர்களுடைய சகாக்களும் இதை ஆராய்ந்தார்கள். சாவு, வேலையிழப்பு போன்ற பெரிய நிகழ்ச்சிகளை ஒரு பக்கமும், பொருளைத் தொலைப்பது போன்ற அன்றாடத் தொல்லைகளை மறுபக்கமும் வைத்து, எது மனதை அதிகம் பாதிக்கிறது என்று பார்த்தார்கள். மனச்சோர்வு, பதற்றம் போன்ற அறிகுறிகளை முன்கூட்டிக் காட்டியது பெரும்பாலும் அன்றாடத் தொல்லைகள்தான். ஆகவே டிக்கெட்டுக்கு அழுகை வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளிநாட்டில் இது கூடுதலாகத் தைக்கும். கோவையில் எந்தப் பஸ்ஸில் ஏறுவது, கண்டக்டரிடம் எப்படிப் பேசுவது, பக்கத்து வீட்டு அக்கா முகம் சுளித்தால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் யோசிக்காமலே உங்களுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து சேர்த்த அறிவு அது. ஸ்டுட்கார்டில் விமானத்தை விட்டு இறங்கிய அன்றே அதில் பெரும்பகுதி உதவாமல் போய்விட்டது. கலாசார அதிர்ச்சி என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, அதைப் பரவலாக்கியவர் கலெர்வோ ஓபர்க் என்ற மானுடவியலாளர். 1954-இல் ரியோ டி ஜெனிரோவில், அங்கே குடியேறியிருந்த வெளிநாட்டினரிடம் பேசும்போது, பழகிய அடையாளங்களும் குறிப்புகளும் சட்டென்று இல்லாமல் போவதால் வரும் பதற்றம் இது என்று விளக்கினார். சின்னத் தாமதத்துக்கும் தடங்கலுக்கும் அளவுக்கு மீறிக் கோபம் வருவது, யாரோ நம்மை ஏமாற்றிவிடுவார்கள் என்று அஞ்சுவது, சின்ன வலிக்கும் பெரிதாகக் கவலைப்படுவது என்று அவர் அன்று சொன்ன பட்டியலில் உங்கள் வீட்டுச் சாவிக்கும் ஓர் இடம் உண்டு.

லாசரஸ் குழுவினர் தொல்லைகளுக்கு மட்டும் பட்டியல் போடவில்லை. அன்றாடம் மனதுக்கு இதமாக நடப்பவற்றுக்கும் தனிப்பட்டியல் வைத்திருந்தார்கள். உங்கள் கடிதத்தில் அந்த இரண்டாவது பட்டியலுக்கு உரியது ஒன்று இருக்கிறது. படிக்கட்டுக்காகச் சத்தம் போட்ட அதே பாட்டிதான் குளிரில் நின்ற உங்களுக்குக் கம்பளி கொண்டுவந்திருக்கிறார். நீங்கள் அதை எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அவமானத்தின் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். உட்கார நாற்காலியும் கொண்டுவரத் தோன்றியிருக்கிறதே, அது எவ்வளவு நல்ல மனசு! அந்தக் கேர்வோகே பலகையும் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டியது இல்லை. வாராவாரம் குப்பையை ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று 1492-லேயே ஸ்டுட்கார்டில் சட்டம் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பழைய வழக்கம். இந்த வாரம் உங்கள் கதவு, அடுத்த வாரம் அந்தப் பாட்டியின் கதவு.

இனி, நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப்போன இடத்துக்கு வருகிறேன். "குழந்தையை விட்டுட்டு வந்தவளுக்கு" என்று ராத்திரியில் ஒரு குரல் கேட்கிறதே, அதுதான் இந்தக் கடிதத்தின் மையம் என்று நினைக்கிறேன். படிக்கட்டு, பார்சல், கதவு, டிக்கெட் நான்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. அவற்றை ஒரே சரமாகக் கட்டும் நார் இந்தக் குற்ற உணர்ச்சிதான். உங்கள் மாமியார் அப்படிச் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. அவர் பொடி இடித்து அனுப்பியிருக்கிறார். கணவர் சொன்னதாகவும் எழுதவில்லை. குற்றம் சாட்டுகிறவரும் நீங்கள்தான், தீர்ப்புச் சொல்கிறவரும் நீங்கள்தான். வேலைக்காக வெளியூர் போகும் அப்பாக்களிடம் யாரும் கேட்காத கேள்வி இது. நம் ஊரில் பெண்களைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் யாரும் கேட்காதபோதும் அவர்களே தங்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை.

மகளைப் பிரிந்திருக்கும் வருத்தம் நியாயமானது. அதற்கு மருந்து மகளோடு பேசுவதுதான், சாவியைச் சரிபார்ப்பது அதற்கு உதவாது. இப்போது உங்களுக்கும் கோவைக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். மாலை ஆறுக்கு நீங்கள் வீடு வந்தால் அங்கே இரவு பத்தரை. ஆனால் உங்கள் மதியச் சாப்பாட்டு நேரம் பன்னிரண்டு என்றால் அங்கே மாலை நாலரை, பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்து பால் குடிக்கிற நேரம். ஆபீசில் ஒரு மூலையாகப் பார்த்து உட்கார்ந்து பத்து நிமிடம் பேசுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். பிறகு வித்தியாசம் மூன்றரை மணி என்பதால் ஒரு மணிக்குப் பேசலாம்.

பேசும்போது நடந்ததைச் சொல்லுங்கள். "அம்மா குப்பை போடப் போனேனா, கதவு டப்புனு சாத்திக்கிச்சு" என்று ஆரம்பியுங்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது. அப்புறம் என்னாச்சு, பாட்டி எப்படி இருந்தாங்க என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அம்மாவிடமும் கணவரிடமும் அப்படியே சொல்லலாம். "சூப்பரா இருக்கேன்" என்று சொல்லி வைக்கும் ஒவ்வொரு நாளும் உங்களைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது குறைந்துகொண்டே போகும். நீங்கள் இன்னும் தனியாகிப்போவீர்கள்.

திரும்பத் திரும்பக் கதவைப் பார்ப்பதை இப்போதே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறை ஏறிப் போய்ப் பார்க்கும்போதும் அந்த நிமிடம் நிம்மதி கிடைக்கும், அடுத்த முறை சந்தேகம் இன்னும் வலுவாக வரும். கதவைச் சாத்துவதற்கு முன் சாவியைக் கையில் எடுத்து, "சாவி கையில் இருக்கிறது" என்று வாய்விட்டு ஒரு தடவை சொல்லுங்கள். பிறகு இறங்கிவிடுங்கள். மனசு அடித்துக்கொள்ளும், அடிக்கட்டும். ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள் தணிந்துவிடும்.

டிராயரில் இருக்கும் இரண்டாவது சாவியை இந்த வாரமே வெளியே கொடுத்துவிடுங்கள். அந்தப் பாட்டியிடம் கொடுக்கலாம். கம்பளிக்கு நன்றி சொல்ல ஒரு டப்பாவில் ஏதாவது பலகாரம் எடுத்துக்கொண்டு போங்கள். ஜெர்மன் வராவிட்டால் போனில் மொழிபெயர்த்துக் காட்டுங்கள். மறுபடி கதவு சாத்திக்கொண்டால் 260 யூரோ மிச்சம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கட்டடத்தில் உங்களுக்கு வேண்டியவர் என்று ஒருவர் இருப்பார், எனக்கு அதுதான் முக்கியம்.

சந்தைக்குக் கூப்பிட்ட பெண்ணிடம் நீங்களே போய், "அன்றைக்கு வர முடியவில்லை, இந்த வாரம் போகலாமா?" என்று கேளுங்கள். ஸ்டுட்கார்ட் கிறிஸ்துமஸ் சந்தை, கடைக் கூரைகளில் செய்யும் அலங்காரத்துக்குப் பேர்போனது. பண்டிகைக்கு முன்பே முடிந்துவிடும், தள்ளிப்போடாதீர்கள். இதுவரை நடந்தவற்றால் உங்களுக்குப் போனது கொஞ்சம் பணமும் ஒரு பார்சலும். அவற்றுக்குப் பயந்து வீட்டிலேயே இருந்ததால் போனது எத்தனையோ சனி, ஞாயிறுகள். அந்த இரண்டாவது நஷ்டம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அபராதச் சீட்டைப் பற்றி உங்களுக்குத் தனியாக உடனே எழுதிவிட்டேன். மற்ற வாசகர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். ஜெர்மனியில் உங்கள் பெயரில் செல்லுபடியாகும் டிக்கெட் இருந்து, அந்த நேரத்தில் காட்ட முடியாமல் போயிருந்தால், சீட்டில் குறித்திருக்கும் கெடுவுக்குள் டிக்கெட்டைக் காட்டினால் 60 யூரோ, ஒரு சிறு கட்டணமாகக் குறைந்துவிடும். பயந்து மேசையிலேயே போட்டு வைத்தால் முழுத்தொகையும் கட்ட வேண்டிவரும். அதேபோல் பூட்டு திறப்பவரைக் கூப்பிடும்போது, மொத்தம் எவ்வளவு என்று போனிலேயே கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஊருக்கு வந்துவிடட்டுமா என்று கேட்டீர்கள். டிசம்பரில் அந்த முடிவை எடுக்க வேண்டாம். அங்கே இப்போது காலை எட்டு மணிக்கு மேல்தான் விடிகிறது, மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. கோவை வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அதுவே சோர்வைத் தரும். மதியம் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் நடங்கள். ஏப்ரலில், மகளோடு தினமும் பேசிப் பழகிய பிறகு, கணவரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். மகளோடு இருக்க வேண்டும் என்பதற்காக வந்தால் தாராளமாக வாருங்கள், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. "எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்ற எண்ணத்தோடு வந்தால், அந்த எண்ணம் கோவையிலும் உங்களை விடாது.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் சரியாக இல்லாமலோ, சாப்பாடு இறங்காமலோ, தினமும் காரணமில்லாமல் அழுகை வந்தாலோ, வேலையிலும் கவனம் குறைந்தாலோ, அங்கேயே ஒரு மருத்துவரைப் பாருங்கள். நேரம் வாங்கத் தெரியாவிட்டால் 116117 என்ற எண்ணில் வழிகாட்டுவார்கள். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 112-ஐ அழையுங்கள், கணவரையும் எழுப்புங்கள், கோவையில் அப்போது என்ன மணியாக இருந்தாலும் சரி.

அன்புடன்,
உளவியல் ஆலோசகர்