வாசகர் கேள்வி – பதில்: யாரா பள்ளத்தாக்கில் இரண்டு நாட்கள்

கேள்வி: மெல்பேர்ணில் வசிக்கும் மகனிடம் நானும் கணவரும் மார்ச் மாதத்தில் பத்து நாட்கள் தங்கச் செல்கிறோம். அவற்றுள் இரண்டு நாட்களை யாரா பள்ளத்தாக்கின் வைன் தோட்டங்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். மகன் ஒன்பது இடங்களைக் குறித்து அனுப்பியிருக்கிறார். கணவருக்கு வைனில் ஆர்வம் உண்டு. நான் மதுசாரம் அருந்துவதில்லை. ஒன்பதையும் பார்க்க முடியுமா?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: ஒன்பதை ஐந்தாகக் குறைத்துவிடுங்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை. முதல் நாள் மூன்று, மறுநாள் இரண்டு. பெரும்பாலான தோட்டங்களின் சுவைக்கூடங்கள் காலை பத்து அல்லது பதினொரு மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணியளவில் மூடப்படுகின்றன. ஓரிடத்தில் ஆறமர இருந்து சுவைத்து, ஊற்றித் தருபவரோடு பேசுவதற்கு ஒரு மணி நேரம் செல்லும். மதிய உணவையும் பயண நேரத்தையும் சேர்த்தால் மூன்று இடங்களோடு பொழுது நிறைந்துவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஓரிடத்தில் ஐந்து வகை வைனை, வகைக்கு 30 மில்லிலீற்றர் வீதம் ஊற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இடங்களிலும் அருந்தினால் 450 மில்லிலீற்றர், அதாவது ஒரு போத்தலில் பாதிக்கும் மேல் உள்ளே சென்றிருக்கும். அதனால்தான் சுவைத்தபின் துப்புவதற்கென்று ஒரு பாத்திரத்தை மேசையில் வைக்கிறார்கள். வைன் தயாரிப்பவர்களே அப்படித்தான் சுவைக்கிறார்கள். நம்மவர் பலர் அதை அநாகரிகம் என்று எண்ணித் தயங்குகிறார்கள், கணவர் தயங்க வேண்டியதில்லை.

வாகனம் ஓட்டுபவர் ஒரு துளியும் அருந்தக்கூடாது என்பதில் நான் எந்த விட்டுக்கொடுப்புக்கும் இடமளிக்கமாட்டேன். விக்டோரியா மாநிலத்தில் முழு அனுமதிப்பத்திரம் உள்ள சாரதிக்கு இரத்த மதுசார அளவின் எல்லை 0.05 சதவீதம், மகன் இன்னும் தற்காலிக அனுமதிப்பத்திரத்தில் ஓட்டுபவராயின் அது பூச்சியம். பொலிஸார் எந்த வாகனத்தையும் மறித்து மூச்சைப் பரிசோதிக்கலாம். மகனும் சுவைக்க விரும்பினால் சாரதியோடு வாகனம் அமர்த்திக்கொள்ளுங்கள். லிலிடேல் வரை புகையிரதமும் அங்கிருந்து ஹீல்ஸ்வில்லுக்குப் பேருந்தும் உண்டெனினும், தோட்டங்கள் ஒன்றுக்கொன்று தள்ளி இருப்பதால் இரண்டு நாள் பயணத்துக்கு அது ஒத்துவராது.

இடங்களை வரைபடத்தில் பார்த்துப் பக்கம் பக்கமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் நாளைக் கோல்ட்ஸ்ட்ரீமில் உள்ள ஷாண்டோனில் தொடங்குவது நல்லது. பிரான்சின் மொயெட் அன்ட் ஷாண்டோன் நிறுவனம் 1986இல் அமைத்த அந்த இடம் நுரைக்கும் வைனுக்குப் பெயர்பெற்றது. நாக்கு தெளிவாக இருக்கும் காலையில் முதலில் சுவைக்க வேண்டியதும் அதுதான். பிறகு வெள்ளை, அதன்பின் சிவப்பு என்று செல்ல வேண்டும். குளிர்ந்த காலநிலை கொண்ட இப்பள்ளத்தாக்கின் சிறப்பு ஷார்டனே, பினோ நுவார் என்னும் இரு திராட்சை வகைகள். அடுத்து, அருகிலேயே உள்ள யெரிங் ஸ்டேஷன் என்னும் தோட்டத்துக்குச் செல்லுங்கள். அங்கேதான் 1838இல் விக்டோரியாவின் முதல் திராட்சைக் கொடிகள் நடப்பட்டன. மூன்றாவதாக, உரிமையாளரே ஊற்றித் தரும் சிறிய தோட்டம் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். பெரிய கூடங்களில் கிடைக்காத உரையாடல் அங்கே கிடைக்கும்.

இரண்டாம் நாளை உங்களுக்காகவும் அமைத்துக்கொள்ள வேண்டும். 1934இல் தொடங்கிய ஹீல்ஸ்வில் வனவிலங்குச் சரணாலயத்தில் காலையைக் கழியுங்கள். சிறைப்பட்ட நிலையில், வாத்தைப் போன்ற அலகுடைய, முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபஸ் முதன்முதலாகக் குஞ்சு பொரித்தது 1943இல் அங்கேதான். பிற்பகலில் டாராவாரா தோட்டத்துக்குச் சென்றால், கணவர் வைனைச் சுவைக்கும் நேரத்தில் நீங்கள் அங்குள்ள கலைக்கூடத்தைப் பார்க்கலாம். இறுதியாக வேறொரு தோட்டம்.

மார்ச் மாதம் அறுவடைக் காலம் என்பது உங்கள் நல்வாய்ப்பு. யாழ்ப்பாணத்துப் பந்தலில் படர்ந்த முந்திரிகையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கம்பிகளில் நிரை நிரையாகக் கட்டி வளர்த்த கொடிகள் புதுமையாகத் தோன்றும். ஆயினும் அழைக்கப்படாமல் நிரைகளுக்குள் இறங்கிப் படமெடுக்காதீர்கள். வேரைத் தின்னும் பிலொக்சரா என்னும் நுண்ணிய பூச்சி 2006இல் இப்பள்ளத்தாக்கில் கண்டறியப்பட்டது. பாதணியில் ஒட்டிய மண்ணோடு அது அடுத்த தோட்டத்துக்குச் சென்றுவிடும். மார்ச் இரண்டாம் திங்கட்கிழமை அங்கு தொழிலாளர் தின விடுமுறையாதலால் அந்த வார இறுதியைத் தவிருங்கள். எந்த நாளானாலும் முன்பதிவு செய்துகொண்டே செல்லுங்கள். அப்போதே சுவைக் கட்டணத்தையும், போத்தல் வாங்கினால் அதனைக் கழிப்பார்களா என்பதையும் கேட்டுவிடலாம்.

கேள்வி: அங்கு வாங்கும் வைனைக் கொழும்புக்கு எப்படிக் கொண்டுவருவது?
– வாசகர் ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: சர்வதேச விமானங்களில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட கொள்கலனில் திரவத்தைக் கைப்பையில் எடுத்துவர முடியாதாகையால், தோட்டத்தில் வாங்கிய போத்தல்களைப் பெரிய பயணப்பெட்டியில்தான் வைக்க வேண்டும். துணியில் தனித்தனியாகச் சுற்றி, பெட்டியின் நடுப்பகுதியில் வையுங்கள். ஒரு போத்தல் ஒரு கிலோவுக்கு மேல் நிறையுடையது என்பதை விமானப் பொதிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தீர்வையின்றிக் கொண்டுவரக்கூடிய அளவை, புறப்படுவதற்கு முன்பே இலங்கைச் சுங்கத் திணைக்களத்திடம் கேட்டறிந்து, அதற்கு உட்பட்டே வாங்குங்கள்.