கூட்டு எண் 4, சரி, அதற்கென்ன?

கேள்வி: உலகிலேயே பெரிய பகா எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். அதன் இலக்கங்களைக் கூட்டினால் 4 வருகிறது என்று எங்கள் ஒட்டுக்கடையில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். என் பிறந்த எண்ணும் 4. அந்த எண்ணிலிருந்து நாலு நம்பர் எடுத்து லாட்டரியில் எழுதினால் அடிக்குமா? இல்லையென்றால் அதனால் வேறு என்னதான் பயன்?
– வாசகர், சுங்கை சிப்புட் (வ)

பதில்: ஒட்டுக்கடை நண்பரின் கணக்கில் பிழையில்லை. 4தான் வருகிறது.

2-ஐ 136,279,841 தடவை போட்டுப் பெருக்கி, விடையில் 1-ஐக் கழித்தால் கிடைப்பதுதான் 2024 அக்டோபரில் அறிவித்த அந்த எண், அதுவரை தெரிந்த பகா எண்களிலேயே பெரியது. மொத்தம் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். இத்தனையையும் அவர் உட்கார்ந்து கூட்டியிருக்க மாட்டார், கூட்டவும் வேண்டாம். 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துப் போய், ஒவ்வொன்றையும் ஒற்றை இலக்கமாகும்வரை கூட்டுங்கள்: 2, 4, 8, 7, 5, 1. அடுத்த 128 மறுபடி 2-இல் வந்து நிற்கும். இந்த ஆறும்தான் சுற்றிச் சுற்றி வரும். 136,279,841-ஐ ஆறால் வகுத்தால் மீதி 5. வரிசையில் ஐந்தாவது 5, அதில் 1 போனால் 4.

இந்த வகைக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். இப்படி ஒன்று பகா எண்ணாக இருக்க, 2-க்கு மேலே போடும் அடுக்கும் பகா எண்ணாக இருந்தாக வேண்டும். 3-ஐவிடப் பெரிய எந்தப் பகா எண்ணையும் ஆறால் வகுத்துப் பாருங்கள், மீதி 1 அல்லது 5. அதனால் ஆரம்பத்தில் வரும் 3, 7 நீங்கலாக, இந்தக் கூட்டத்தில் யாருடைய கூட்டு எண்ணும் (இலக்கங்களைக் கூட்டிக் கடைசியில் வரும் ஒற்றை இலக்கம்) 1 அல்லது 4தான். பிறந்த எண் 6, 8 உள்ளவர்கள் பாவம், அவர்களுக்கு இங்கே எதுவுமே இல்லை! சரி, 4 வந்துவிட்டால் பகா எண்ணாகிவிடுமா? அதுவும் இல்லை. அடுக்கு 11 போட்டால் 2047. நாலு இலக்கம், கூட்டு எண் 4, உங்களுக்கென்றே செய்தது போல இருக்கிறது. ஆனால் அது 23 × 89.

நாலு நம்பர் எடுப்பதைப் பற்றி: நாலு கோடி இலக்கங்களுக்குள் 0000 முதல் 9999 வரை எதைத் தேடினாலும் ஏறத்தாழ நாலாயிரம் இடத்தில் அகப்படும் என்று எதிர்பார்க்கலாம். போன வாரம் விழுந்ததும் அதில் இருக்கும், விழாததும் இருக்கும். எதை எழுதுவீர்கள்? கண்டுபிடித்த அமெரிக்கர் லூக் டுரான்ட்டுக்கே பரிசு 3,000 டாலர்தான்.

அப்புறம் பயன். வங்கிப் பணத்தைக் காக்கும் ரகசியப் பூட்டுகளில் பகா எண்கள் உண்டு. ஆனால் அவை சில நூறு இலக்கம் கொண்டவை, வெளியே தெரியாதவை. ஊரறிந்த எண்ணை வைத்து எதைப் பூட்டுவது? ஆனால் இப்படிப் பெரிய பகா எண்களைத் தேடும் வேலை கணினியைக் கசக்கிப் பிழிவதால் அதன் கோளாறுகள் வெளியே வருகின்றன. இன்டெல்லின் ஸ்கைலேக் சிப்பில் இருந்த ஒரு பிழை 2016-இல் தெரியவந்தது இந்தத் தேடல் மென்பொருளை ஓட்டியபோதுதான்.