பூனைப்பாம்புக் கடிக்கு விஷமுறிவு மருந்து தேவையா?

கேள்வி: இரவில் கொல்லைப்பக்கம் போன அப்பாவைப் பாம்பு கடித்துவிட்டது. செல்போன் படத்தைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "பூனைப்பாம்புதான், பயமில்லை" என்றார். மருத்துவமனையில் ஒரு நாள் வைத்திருந்து ரத்தம் மட்டும் சோதித்தார்கள். விஷமுறிவு மருந்து போடவில்லை. இது சரியா?

பதில்: சரிதான். அந்த ஒரு நாள் காத்திருப்பே முக்கியமான சிகிச்சை.

பூனைப்பாம்பு, பச்சைப்பாம்பு இரண்டுக்கும் விஷப்பல் மேல்தாடையின் பின்பக்கம் இருக்கிறது. நாகத்தின் பல் ஊசி மாதிரி விஷத்தைச் செலுத்தும். இவற்றின் பல்லில் வெறும் பள்ளம்தான். கவ்விப்பிடித்து மென்றால்தான் விஷம் கசிந்து இறங்கும். பெரும்பாலும் வலி, லேசான வீக்கம், மரத்துப்போதலோடு முடிந்துவிடும்.

விஷமுறிவு மருந்து இங்கே நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும்தான். குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பதால் சிலருக்கு மூச்சுத் திணறும், ரத்த அழுத்தம் சரியும். பூனைப்பாம்புக் கடிக்கு அதைப் போட்டால் இந்த ஆபத்துதான் மிச்சம்.

ஆனால் பூனைப்பாம்பைச் சுருட்டை விரியன் என்றும், சுருட்டை விரியனைப் பூனைப்பாம்பு என்றும் நினைத்து ஏமாறுவது சகஜம். இரண்டும் பழுப்பு நிறம், முதுகில் வெளிறிய கோலம், சுருண்டு படுத்துச் சீறிப் பாயும். அதனால் டாக்டர் படத்தை நம்பி முடிவெடுக்க மாட்டார். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார். உறைந்திருந்தால் நல்லது. தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் என்று சந்தேகித்து உடனே மருந்து ஏற்றுவார். பிளாஸ்டிக் குழாயோ சோப்பு போட்டுக் கழுவிய குழாயோ தப்பான முடிவைக் காட்டும். முதல் சோதனை சரியாக இருந்தாலும் விஷம் தாமதமாக வேலை செய்யலாம் என்பதால் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இரவில் வலியே தெரியாமல் கடிக்கும் கட்டுவிரியனையும் மனதில் வைத்து, கண்ணிமை தொங்குகிறதா என்றும் கவனிப்பார்கள்.

பின்பல் பாம்பு என்றாலே சாது என்றும் நினைத்துவிடாதீர்கள். 1957-இல் அமெரிக்கப் பாம்பு ஆய்வாளர் கார்ல் ஷ்மிட், ஆப்பிரிக்கப் பின்பல் பாம்பான பூம்ஸ்லாங் கடித்து மறுநாளே இறந்தார். நம் ஊர்ப் பூனைப்பாம்பு அந்த அளவுக்கு ஆபத்தானதில்லை.

இனி அப்பாவுக்கு ஈறில் ரத்தம் கசிந்தாலோ, சிறுநீர் சிவந்தாலோ, வீக்கம் கூடினாலோ தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.