பழைய விண்டோஸ், டாஸ், ராம் வரம்பு: கேள்வி பதில்

கேள்வி: விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் 4 ஜிபி ராம் போட்டேன். 3.25 தான் காட்டுகிறது. ராம் பழுதா?

பதில்: பழுதெல்லாம் இல்லை. உங்கள் எக்ஸ்பி 32 பிட். ராமின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முகவரி எண் வேண்டும், 32 பிட்டில் எண்ணக்கூடிய முகவரிகளே மொத்தம் 4 ஜிபிக்குத்தான். கிராபிக்ஸ் கார்டு, பயாஸ் (கணினியைத் தொடக்கும் நிரல்), பிசிஐ இணைப்பில் செருகிய சாதனங்கள் எல்லாவற்றுக்கும் அதற்குள்ளேயே பங்கு. அவை பிடித்துக்கொண்ட முகவரிகளில் ராம் தெரியாது.

கேள்வி: விண்டோஸ் 98-இல் 1 ஜிபி போட்டதும் 'நினைவகம் போதவில்லை' என்கிறதே?

பதில்: ராம் கூடியதால் வரும் தட்டுப்பாடு இது. விகேஷ் என்ற வட்டு கேஷ் (வட்டிலிருந்து படித்ததை ராமில் வைத்திருக்கும் பகுதி), ராமின் அளவைப் பார்த்துத் தன் உச்சவரம்பை வைத்துக்கொண்டு, சிஸ்டத்துக்கான முகவரிகளை வளைத்துப்போட்டுவிடும். மற்றதற்கு இடமில்லை. சில சமயம் டாஸ் (கட்டளைகளைத் தட்டி இயக்கும் பழைய இயங்குதளம்) விண்டோகூடத் திறக்காது. சிஸ்டம்.ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பில் விகேஷ் பகுதிக்குப் போய், மேக்ஸ்ஃபைல்கேஷ் மதிப்பை 524288-க்கு மிகாமல் வையுங்கள். கை வைக்கும் முன் கோப்பை நகலெடுங்கள்.

கேள்வி: டாஸில் நிரல்களுக்கு 640 கேபி ராம்தான் என்ற வரம்பு ஏன்?

பதில்: 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 சில்லுக்கு 20 முகவரிக் கம்பிகள், ஆக 1 எம்பிக்கான முகவரிகள். மேலே 384 கேபி திரைக்கும் ராமுக்கும்... மன்னிக்க, ராமுக்கு அல்ல, ரோமுக்கும் (மாற்ற முடியாத நிரல்கள் இருக்கும் சில்லு) ஒதுக்கீடு. மிச்சம் 640.

கேள்வி: எக்ஸ்பியில் 3.5 ஜிபிதான் தெரிகிறது.

பதில்: முதல் கேள்வியைப் படியுங்கள்.

கேள்வி: முதல் பதிலே அரைகுறை. 1995-இன் பென்டியம் ப்ரோ சில்லிலேயே பிஏஇ என்ற, 4 ஜிபிக்கு மேலும் முகவரி தரும் வசதி வந்துவிட்டது, 36 பிட், 64 ஜிபி. 32 பிட் விண்டோஸ் சர்வர் 2003 எண்டர்பிரைஸ் அதைப் பயன்படுத்தியதே?

பதில்: சரிதான், சில்லின் வரம்பு வேறு, விண்டோஸின் வரம்பு வேறு. எக்ஸ்பியிலும் பிஏஇ உண்டு. ஆனால் சர்வீஸ் பேக் 2 என்ற புதுப்பிப்புத் தொகுப்பு முதல் 4 ஜிபிக்கு மேலுள்ள முகவரிகளை அது தொடுவதில்லை. அந்த முகவரிகளைக் கண்டால் பல டிரைவர்கள் (சாதனங்களை இயக்கும் மென்பொருள்கள்) கவிழ்ந்தன.

கேள்வி: டிரைவர் என்பது சாக்கு. காசுக்காகப் பூட்டியதுதானே?

பதில்: சர்வர் 2003 ஸ்டாண்டர்டுக்கு 4 ஜிபி, எண்டர்பிரைஸுக்கு 64 ஜிபி என்று பிரித்ததில் வியாபாரம் இல்லை என்று நான் சொல்லவில்லையே! அதற்காக டிரைவர் கோளாறு கட்டுக்கதை ஆகிவிடாது.

கேள்வி: அப்படியானால் பூட்டை உடைத்த கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) போடலாமா?

பதில்: யார் திருத்தியது என்றே தெரியாத கெர்னலா? வேண்டாம். போட்டாலும் ஒரு நிரலுக்குக் கிடைப்பது வழக்கமான 2 ஜிபிதான். கேட்கமாட்டேன் என்றால் நகலெடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: பழைய மேக்கில்?

பதில்: அது என் பக்கம் அல்ல. மேக் தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: 32 பிட் விண்டோஸ் 7-இல் 8 ஜிபி போட்டேன், 3 சொச்சம்தான்...

பதில்: மறுபடியுமா! 64 பிட் போடுங்கள். ஹோம் பேசிக்குக்கு 8, ஹோம் பிரீமியத்துக்கு 16 ஜிபி வரை. 32-இலிருந்து நேரடியாக மேம்படுத்த முடியாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். அதற்கு முன், ஆமாம், நகல்.